எம்ஜிபி மகிழுந்தை வீட்டில் பேணுதல்

எம்ஜிபி என்பது இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 ஆம் ஆண்டு முதல் 1980 ஆம் ஆண்டு வரை உற்பத்தி செய்யப்பட்ட, ஸ்போர்ட்ஸ் கார் வகையைச் சேர்ந்த ஒரு மகிழுந்து ஆகும். மடிப்புக் கூரை கொண்ட ரோட்ஸ்டர், 1965 இல் அறிமுகமான நிலைக்கூரை கொண்ட ஜிடி ஆகிய வடிவங்களில் மொத்தம் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் உருவாக்கப்பட்டன. இவற்றுள் பல இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எளிமையான அமைப்பும் உதிரிப்பாகங்கள் எளிதில் கிடைப்பதும் காரணமாக, உரிமையாளர்களே தம் வீட்டுக் கொட்டகையில் பழுதுபார்த்துப் பேணும் பழைய மகிழுந்துகளுள் இது முதன்மையான ஒன்றாக விளங்குகின்றது.

இவ்வண்டியில் ஏற்படும் பழுதுகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். எஞ்சின், மின்னமைப்பு ஆகியவற்றின் பழுதுகள் ஓசையாகவோ, தடுமாற்றமாகவோ, வண்டி நின்றுபோவதாகவோ தம்மை வெளிக்காட்டிக்கொள்ளும். உடற்கூட்டில் பிடிக்கும் துருவும் பிரேக் அமைப்பின் முதுமையும் அவ்வாறு வெளிப்படுவதில்லை. உயிருக்கு ஆபத்தை விளைவிப்பவை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைப் பழுதுகளே ஆதலால், வீட்டுப் பராமரிப்பில் இவற்றுக்கே முதலிடம் தரப்படவேண்டும்.

அமைப்பு

எம்ஜிபியின் எஞ்சின் 1798 கன செ.மீ. கொள்ளளவும் நான்கு உருளைகளும் உடையது. இது பி-வரிசை எனப்படும் எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது. பெரும்பாலான வண்டிகளில் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்கள் பொருத்தப்பட்டன. முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும் பின்சக்கரங்களில் டிரம் பிரேக்கும் உள்ளன. பின் அச்சு, பட்டா எனப்படும் தகட்டு வில்களால் தாங்கப்படுகின்றது.

இதற்கு முன் வெளிவந்த எம்ஜிஏ வண்டியில் தனியான சேசிஸ் இருந்தது. உடற்கூடு அதன்மேல் பொருத்தப்பட்டது. எம்ஜிபியில் தனிச் சேசிஸ் கிடையாது. தகடுகளை ஒன்றோடொன்று இணைத்து உருவாக்கப்பட்ட உடற்கூடே வண்டியின் முழுப் பாரத்தையும் தாங்குகின்றது. ஆகவே இவ்வண்டியில் துரு என்பது தோற்றக் குறை மட்டும் அன்று. அது கட்டமைப்பின் வலிமையையே குறைக்கின்றது.

துருவும் உடற்கூடும்

ரோட்ஸ்டர் வடிவத்தில் கூரை பாரத்தைத் தாங்குவதில்லை. எனவே முன்பகுதியையும் பின்பகுதியையும் இணைத்து விறைப்பாக வைத்திருக்கும் பணியில் பெரும்பங்கு, கதவுகளுக்குக் கீழே இருபுறமும் நீளவாக்கில் அமைந்த சில் எனப்படும் பெட்டி வடிவ விட்டங்களைச் சார்ந்தது. ஒவ்வொரு சில்லும் வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு ஆகியவற்றால் ஆனது. சக்கரங்கள் வாரியிறைக்கும் நீரும் சேறும் உள்ளே தங்குவதால், இவ்விட்டங்கள் உள்ளிருந்து வெளிநோக்கித் துருப்பிடிக்கின்றன. வண்ணப்பூச்சில் கொப்புளம் தோன்றும்போது உட்புறத் தகடு ஏற்கெனவே அரிக்கப்பட்டிருக்கக் கூடும்.

சில்லின் நிலையைக் கதவு இடைவெளியைக் கொண்டு ஓரளவு அறியலாம். கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மேற்பகுதியில் குறுகியும் கீழ்ப்பகுதியில் அகன்றும் காணப்பட்டால், உடற்கூடு நடுவில் தொய்ந்துள்ளது எனக் கருதலாம். வண்டியை ஜாக்கியால் உயர்த்தும்போது கதவு இறுகுவதும் இதன் அறிகுறியே. பட்டியிட்டு மறைத்த இடங்களைக் காந்தம் கொண்டு கண்டறியலாம். தடித்த பட்டி உள்ள இடத்தில் காந்தம் ஒட்டாது.

சில்லை முறையாக மாற்றுவது பெரிய வேலை ஆகும். வெளித்தகட்டின் முனைகள் முன், பின் மட்கார்டுகளின் அடியில் செல்கின்றன. எனவே முன் மட்கார்டைக் கழற்றி, பின் மட்கார்டின் கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்த பின்னரே புதிய தகட்டை வெல்டிங் செய்ய இயலும். வெட்டுவதற்கு முன் வண்டியைச் சமமாகத் தாங்கி நிறுத்தி, கதவு வாயிலின் குறுக்கே இரும்புச் சட்டம் ஒன்றைப் பொருத்த வேண்டும். இதனைச் செய்யாவிடில் உடற்கூடு தொய்ந்த நிலையிலேயே இணைக்கப்பட்டுவிடும். பின்னர் அதனைச் சீர்செய்வது மிகக் கடினம். பழைய வெளித்தகட்டின் மேல் புதிய தகட்டை ஒட்டவைப்பது தோற்றத்தை மட்டுமே மாற்றும், வலிமையைத் தராது. வெல்டிங்கில் தேர்ச்சி இல்லாதோர் இப்பணியைத் தேர்ந்த தொழிலாளரிடம் ஒப்படைப்பதே பொருத்தமானது.

உடற்கூடு முழுவதும் பழுதடைந்தால் புதிய கூட்டையே வாங்கவும் வழி உண்டு. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம், மூல அச்சு வார்ப்புகளைப் பயன்படுத்தி 1988 ஆம் ஆண்டு முதல் எம்ஜிபி உடற்கூடுகளை மீண்டும் தயாரிக்கத் தொடங்கியது.

எஞ்சின் பராமரிப்பு

எஞ்சினின் வழக்கமான பராமரிப்பு சில ஸ்பேனர்கள், ஃபீலர் கேஜ், கிரீஸ் துப்பாக்கி ஆகியவற்றைக் கொண்டே செய்யத்தக்கது. 20W-50 தடிப்புள்ள எண்ணெய் பொதுவாகப் பயன்படுத்தப்படுகின்றது. ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.025 அங்குலமும் (சுமார் 0.64 மி.மீ.), டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயிண்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலமும் இருத்தல் வேண்டும். உருளைகள் 1-3-4-2 என்ற வரிசையில் எரிகின்றன.

வால்வு இடைவெளியைச் சரிசெய்வதற்கு "ஒன்பதின் விதி" என்னும் எளிய முறை உள்ளது. எட்டு வால்வுகளையும் முன்னிருந்து பின்னாக 1 முதல் 8 வரை எண்ணிட்டுக்கொள்ள வேண்டும். 8 ஆம் வால்வு முழுமையாகத் திறந்திருக்கும்போது 1 ஆம் வால்வையும், 6 ஆம் வால்வு திறந்திருக்கும்போது 3 ஆம் வால்வையும் சரிசெய்ய வேண்டும். திறந்திருக்கும் வால்வின் எண்ணும் சரிசெய்யப்படும் வால்வின் எண்ணும் கூட்டினால் எப்போதும் 9 வரும். ஒரு வால்வு முழுதும் திறந்திருக்கும்போது அதன் இணை வால்வு முற்றிலும் மூடியிருக்குமாறு கேம் தண்டு வடிவமைக்கப்பட்டிருப்பதே இதற்குக் காரணம்.

எல்லா வேலைகளும் இவ்வளவு எளியவை அல்ல. எடுத்துக்காட்டாக, கிளட்ச் தட்டை மாற்றுவதற்கு எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும். இதற்குத் தூக்குபொறியும் துணைக்கு மற்றொருவரும் தேவை.

கார்புரேட்டர்

எஸ்யூ கார்புரேட்டரில் காற்று செல்லும் வழியின் அளவு நிலையானது அன்று. எஞ்சினின் உறிஞ்சலுக்கு ஏற்ப ஒரு பிஸ்டன் மேலெழுந்தும் கீழிறங்கியும் வழியை மாற்றுகின்றது. அதன் அடியில் உள்ள கூம்பிய ஊசி, பெட்ரோல் வரும் துளைக்குள் ஏறி இறங்கி, காற்றுக்கு ஏற்ற அளவு பெட்ரோலை விடுகின்றது. பிஸ்டன் திடீரென மேலெழாதிருக்க அதன் மேற்புறக் குழாயில் எண்ணெய் ஊற்றப்படுகின்றது. இவ்வெண்ணெய் வற்றினால் வண்டி முடுக்கத்தின்போது தடுமாறும்.

பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சோதிக்க, எஞ்சின் சூடாக ஓடும்போது பிஸ்டனை ஏறத்தாழ 0.8 மி.மீ. மட்டும் உயர்த்திப் பார்க்க வேண்டும்.

- வேகம் கூடி, கூடிய நிலையிலேயே நின்றால் பெட்ரோல் மிகுதி.
- வேகம் சற்றே கூடிப் பழைய நிலைக்குத் திரும்பினால் கலவை சரி.
- வேகம் குறைந்தாலோ எஞ்சின் நின்றாலோ பெட்ரோல் குறைவு.

இரண்டு கார்புரேட்டர்களும் சம அளவு காற்றை இழுக்கின்றனவா என்பதை, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் காற்று வாயிலிலும் வைத்து, இரைச்சலை ஒப்பிட்டே அறியலாம்.

எரிபொருள்

எம்ஜிபி உருவாக்கப்பட்ட காலத்தில் பெட்ரோலில் ஈயம் கலக்கப்பட்டிருந்தது. ஈயம், வெளியேற்று வால்வின் இருக்கையைத் தேய்மானத்திலிருந்து காத்தது. 2000 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை நிறுத்தப்பட்டது. அதன்பின் பலர் கடினமாக்கப்பட்ட வால்வு இருக்கைகளைப் பொருத்திக்கொண்டனர். வேறு சிலர் பெட்ரோலில் மாற்றுச் சேர்மங்களைக் கலக்கின்றனர்.

2021 செப்டெம்பரில் பிரித்தானியாவில் 10 விழுக்காடு வரை எத்தனால் கொண்ட ஈ10 பெட்ரோல் பொது வகையாக அறிமுகப்படுத்தப்பட்டது. எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களையும் அடைப்புகளையும் கெடுக்கக் கூடியது. சூடான எஞ்சினுக்கு அருகில் வெடிப்புற்ற பெட்ரோல் குழாய் தீவிபத்துக்கு வழிவகுக்கும். எனவே குழாய்களை எத்தனாலைத் தாங்கும் வகையாக மாற்றுவதும், 5 விழுக்காட்டுக்கு மேற்படாத எத்தனால் கொண்ட ஈ5 வகையைப் பயன்படுத்துவதும் பரிந்துரைக்கப்படுகின்றன.

மின்னமைப்பு

1967 வரை வெளிவந்த வண்டிகளில் பேட்டரியின் நேர்முனை உடற்கூட்டுடன் இணைக்கப்பட்டிருந்தது. பிற்கால வண்டிகளில் எதிர்முனை இணைக்கப்பட்டது. இதனை அறியாமல் பேட்டரியை மாற்றிப் பொருத்தினால் மின்கருவிகள் பழுதாகும். 1974 வரையான வண்டிகளில் இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருந்தன; அதன்பின் ஒரு 12 வோல்ட் பேட்டரி பயன்படுத்தப்பட்டது.

கம்பிகளின் நிறங்களை அறிந்துகொண்டால் பழுதைக் கண்டறிவது எளிதாகும்.

- பழுப்பு: எப்போதும் மின்சாரம் உள்ள கம்பி
- வெள்ளை: சாவியைத் திருப்பியபின் மின்சாரம் பெறும் கம்பி
- பச்சை: சாவிக்குப் பின், ஃபியூஸ் வழியாக மின்சாரம் பெறும் கம்பி
- ஊதா: ஃபியூஸ் வழியாக எப்போதும் மின்சாரம் உள்ள கம்பி
- கறுப்பு: உடற்கூட்டுடன் இணையும் கம்பி

பெரும்பாலான மின்பழுதுகளுக்குக் கருவிகள் காரணமல்ல. களிம்பேறிய இணைப்புகளே காரணம். எஞ்சினையும் உடற்கூட்டையும் இணைக்கும் பட்டை அறுந்தால், எஞ்சினைத் தொடக்கும் பெருமின்னோட்டம் சோக், ஆக்சிலரேட்டர் ஆகியவற்றின் மெல்லிய கம்பிகள் வழியே பாய்ந்து அவற்றைச் சூடாக்கிவிடும்.

பிரேக்கும் சக்கரத் தாங்கமைப்பும்

தொடக்ககால வண்டிகளில் பிரேக் அமைப்பு ஒற்றைச் சுற்றாக இருந்தது. இத்தகைய அமைப்பில் எந்த ஓர் இடத்தில் திரவம் கசிந்தாலும் நான்கு சக்கரங்களிலும் கால் பிரேக் செயலிழந்துவிடும். கைப்பிரேக் மட்டுமே எஞ்சும். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஈரம் சேர்ந்தால் அதன் கொதிநிலை குறைவதோடு, இரும்புக் குழாய்கள் உட்புறமாகத் துருப்பிடிக்கும். எனவே குறைவாகவே ஓடும் வண்டியிலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றுவது நலம். ரப்பர்க் குழாய்கள் உட்புறம் வீங்கினால், காலை எடுத்த பின்னும் பிரேக் விடுபடாது.

முன்சக்கரங்கள் திரும்பும் கிங்பின்களில் ஒவ்வொரு பக்கமும் மூன்று கிரீஸ் நிப்பிள்கள் உள்ளன. 3,000 மைல்களுக்கு (சுமார் 4,800 கி.மீ.) ஒருமுறை இவற்றுக்குக் கிரீஸ் இடவேண்டும். சக்கரங்கள் தரையைத் தொடாதவாறு வண்டியை உயர்த்தி இட்டால்தான் பாரம் தாங்கும் பரப்புகளுக்குக் கிரீஸ் சென்று சேரும்.

வேலையின்போது பாதுகாப்பு

ஜாக்கி வண்டியை உயர்த்துவதற்கு மட்டுமே உரியது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் செல்லுதல் கூடாது. கெட்டியான சமதளத்தில் ஆக்சில் ஸ்டாண்டுகளின்மேல் வண்டியை நிறுத்தி, அசைத்துப் பார்த்த பின்னரே அடியில் செல்ல வேண்டும். துருப்பிடித்த தகட்டின் கீழ் ஸ்டாண்டை வைத்தால் அது தகட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே செல்லக் கூடும்.

பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருக்கலாம். அதன் தூசி நுரையீரலுக்குத் தீங்கானது. ஆதலால் காற்றழுத்தத்தால் ஊதாமல், ஈரப்படுத்தித் துடைக்க வேண்டும். வெல்டிங் செய்வதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுவதும், அருகிலிருந்தால் பெட்ரோல் தொட்டியை அகற்றுவதும் இன்றியமையாதவை.

சோதனை விலக்கும் உரிமையாளரின் பொறுப்பும்

பிரித்தானியாவில் மகிழுந்துகள் ஆண்டுதோறும் எம்ஓடி எனப்படும் தகுதிச் சோதனைக்கு உட்படவேண்டும். 2018 மே 20 முதல், 40 ஆண்டுகளைக் கடந்ததும் பெருமளவு மாற்றியமைக்கப்படாததுமான வண்டிகளுக்கு இதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. கடைசி எம்ஜிபி 1980 இல் உருவாக்கப்பட்டதால், இன்று எல்லா எம்ஜிபிகளும் இந்த வயது வரம்பைக் கடந்துவிட்டன.

விலக்கு சோதனைக்கு மட்டுமே. வண்டியைச் சாலைக்குத் தகுதியான நிலையில் வைத்திருக்கும் சட்டப் பொறுப்பு உரிமையாளருக்குத் தொடர்கின்றது. முன்னர் ஆண்டுக்கு ஒருமுறை வேறொருவர் சில்லையும் பிரேக் குழாயையும் பார்வையிட்டார். விலக்கைப் பயன்படுத்தும் உரிமையாளர் அப்பணியைத் தாமே செய்யவேண்டியவராகின்றார். நாள்தோறும் பார்த்துப் பழகிய வண்டியில் மெல்ல வளரும் குறை கண்ணில் படாமல் போகலாம். இதனால், கட்டாயம் இல்லாவிடினும் விரும்பிச் சோதனைக்கு உட்படுத்துவோரும் உள்ளனர்.

இந்தியத் தொடர்பு

எம்ஜிபி எஞ்சினின் பி-வரிசைக் குடும்பம் இந்தியாவிலும் நன்கு அறியப்பட்டதாகும். 2014 இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட அம்பாசிடர் மகிழுந்தில் நெடுங்காலம் பயன்பட்ட 1489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சின் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. எனவே பழைய அம்பாசிடரின் வால்வுகளைச் சரிசெய்து பழகிய ஒரு மெக்கானிக்கிற்கு எம்ஜிபியின் எஞ்சின் அந்நியமாகத் தோன்றாது.

இவற்றையும் பார்க்கவும்

- அம்பாசிடர் மகிழுந்து
- கார்புரேட்டர்
- உள் எரி பொறி
- துருப்பிடித்தல்