திருவண்ணாமலையில் குடியேறியவர்கள்: வாழ்க்கைத்தரத்தைத் தீர்மானிப்பது எது?

வேலை, வருமானம், பாதுகாப்பு ஆகியவற்றைத் தேடி வளமான நாடுகளுக்குப் போவதுதான் குடிபெயர்வின் வழக்கமான திசை. திருவண்ணாமலை இதற்கு விலக்கான ஊர். பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, அமெரிக்கா போன்ற செல்வச் செழிப்புள்ள நாடுகளின் குடிமக்கள் இங்கே வந்து மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் தங்குகிறார்கள். இதே மாவட்டத்தில், போருக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழர்கள் மறுவாழ்வு முகாம்களில் வசிக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் பெரும்பாலும் இரு தரப்பாரும் வெளிநாட்டவரே. ஆனால் அவர்களின் வாழ்க்கை ஒன்றல்ல.

மலையைத் தேடி வந்தவர்கள்

ஆன்மிக ஞானி ரமண மகரிஷி 1896 செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலைக்கு வந்தார். வேலூரில் காவல்துறைப் பணிக்கு வந்த பிராங்க் ஹம்ப்ரீஸ் என்ற ஆங்கிலேயர் 1911இல் அவரைச் சந்தித்தார். ஆங்கில எழுத்தாளர் பால் பிரண்டன் 1934இல் வெளியிட்ட நூல் ரமணரின் பெயரை மேலைநாடுகளில் பரப்பியது. அதைப் படித்துவிட்டு அடுத்த ஆண்டே வந்த மேஜர் சாட்விக், ரமணரின் ஆசிரமத்திற்குள்ளேயே ஓர் அறை கட்டிக்கொண்டு, 1962இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். ஆர்தர் ஆஸ்போர்ன் குடும்பத்துடன் குடியேறி, 1964இல் ‘தி மவுண்டன் பாத்’ இதழைத் தொடங்கினார். 1950இல் ரமணர் மறைந்த பிறகும் வருகை நிற்கவில்லை.

இன்று செங்கம் சாலையை ஒட்டிய ரமண நகரிலும் கிரிவலப் பாதையை ஒட்டிய பகுதிகளிலும் வெளிநாட்டவர் வாடகைக்கு இருக்கிறார்கள். வெயில் தணிந்த நவம்பர் முதல் மார்ச் வரைதான் ‘சீசன்’. பலருக்குச் சொந்த நாட்டு ஓய்வூதியமோ சேமிப்போ இருக்கிறது. அங்கே சிக்கனமாகச் செலவிட வேண்டிய தொகை, ரூபாயாக மாறும்போது இங்கே தாராளமாகப் போதும். வீட்டு உரிமையாளர், ஆட்டோ ஓட்டுநர், சமையல் வேலை செய்யும் பெண், உணவகம் நடத்துபவர் எனப் பலருக்கும் இந்தப் பணம் போய்ச் சேர்கிறது. அதே சமயம் அப்பகுதியில் வீட்டு வாடகை உள்ளூர்ச் சம்பளக்காரரின் கைக்கு எட்டாமல் போவதும் இதனால்தான்.

விசா வகுக்கும் எல்லை

இ-சுற்றுலா விசாவில் வருபவர் ஒரு காலண்டர் ஆண்டில் மொத்தம் 180 நாள்தான் தங்கலாம். அதற்கு மேல் தங்க வேறு வகை விசா வேண்டும். அந்த விசாவில் வருபவர், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவும் செய்ய வேண்டும். வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் விடுதியோ வீட்டுக்காரரோ 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தகவல் தர வேண்டும். சுற்றுலா விசாவில் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது, வீடோ மனையோ வாங்க முடியாது. விவசாய நிலம் எந்த விசாவிலும் கிடையாது. இருபது ஆண்டு வந்து போனாலும் அவர் விருந்தினரே. ஆனாலும் கையில் சொந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருப்பதால், உடம்புக்கு முடியாமல் போனாலோ விசா மறுக்கப்பட்டாலோ திரும்பிப் போக அவருக்கு ஒரு நாடு இருக்கிறது.

முகாம் வாழ்க்கை

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தமிழகத்துக்கு வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் அதிகம். பெரும்பாலோர் பிறகு திரும்பினர் அல்லது வேறு நாடுகளுக்குச் சென்றனர். 2021 கணக்குப்படி சுமார் 58,000 பேர் தமிழக முகாம்களில் இருந்தார்கள். அந்த ஆண்டு தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றி, புதிய வீடுகளையும் அறிவித்தது. மாத உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாகவும், மற்ற பெரியவர்களுக்கு 1,000 ரூபாயாகவும், குழந்தைகளுக்கு 500 ரூபாயாகவும் உயர்ந்தது.

வீடும் அரிசியும் பள்ளிப் படிப்பும் கிடைத்தாலும் முகாமின் கதவு அகலத் திறக்கவில்லை. வெளியூரில் தங்க அனுமதி வேண்டும். பட்டம் பெற்ற இளைஞருக்கும் அரசு வேலை இல்லை, பாஸ்போர்ட் இல்லை. அதனால் படித்தவர்கூடப் பெயின்ட் அடிக்கும் கூலி வேலைக்குப் போகிறார். 1987 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ இந்தியாவில் பிறந்தவர் குடிமகனாகப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். முகாமிலேயே பிறந்து வளர்ந்த தலைமுறை இந்த விதியால்தான் வெளியே நிற்கிறது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இடம்பெறவில்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு விலக்கு ஆணை பிறப்பித்தது. 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்தவர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து அது விலக்கு தந்தது. குடியுரிமையை அது தரவில்லை.

1987 ஜூலை 1 என்ற பிறப்புத் தேதி விதி எவ்வளவு நுண்ணிய கோடு என்பதற்கு ஒரு வழக்கு சான்று. 1986இல், அதாவது அந்தத் தேதிக்கு முன், மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்கும்படி 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அதே முகாமில் இரண்டு ஆண்டு கழித்துப் பிறந்திருந்தால் அந்த உரிமை அவருக்குக் கிடைத்திருக்காது.

கனடா சொல்லும் பாடம்

கனடாவில் நிலைமை வேறு. நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர் ஐந்து ஆண்டுகளில் 1,095 நாள் அங்கே இருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அகதியாக ஏற்கப்பட்டவருக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து 1983இல் சிறுவனாகக் கனடா சென்ற கேரி ஆனந்தசங்கரி 2015இல் நாடாளுமன்ற உறுப்பினரானார், 2025இல் அந்நாட்டின் பொதுப் பாதுகாப்பு அமைச்சரானார். அதே ஆண்டுகளில் கடல் கடந்து தமிழகம் வந்த சிறுவர்கள் இன்றும் முகாம் பதிவேட்டில் இருக்கிறார்கள். திறமையிலோ உழைப்பிலோ இவர்கள் குறைந்தவர்கள் அல்லர்.

குடியேறியவரின் வாழ்க்கைத்தரத்தை நாட்டின் செல்வம் மட்டும் தீர்மானிப்பதில்லை. எங்கும் போய்வரலாம், தகுதிக்கேற்ற வேலை பார்க்கலாம், பிள்ளை இந்த நாட்டுப் பிள்ளை என்ற உறுதிதான் அதன் அடித்தளம். அதைத் தர இந்தியாவுக்குப் பெரும் செலவு எதுவும் இல்லை. தமிழ் மண்ணிலேயே பிறந்து, தமிழகப் பள்ளிகளில் படித்து வளர்ந்த முகாம் பிள்ளைகளுக்குக் குடியுரிமை வழங்கச் சட்டத்தில் ஒரு திருத்தம் போதும். பல ஆண்டுகளாகத் தள்ளிப்போன அந்தத் திருத்தத்தை நாடாளுமன்றம் இனியும் தாமதிக்கக் கூடாது.