மின்சைக்கிளில் நெடும்பயணம்: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

அலுவலகம் போகவும் காய்கறி வாங்கவும் வாங்கிய மின்சைக்கிளில் சென்னையிலிருந்து புதுச்சேரி வரை போய்வர முடியுமா? முடியும். ஆனால் கடையில் வாங்கிய வண்டி குறுகிய தூரத்துக்காகச் செய்யப்பட்டது. நாள் முழுக்க ஓட்ட வேண்டுமானால் சில மாற்றங்கள் தேவை. அவை என்ன, எந்த வரிசையில் செய்வது என்பதைப் பார்ப்போம்.

இங்கே மின்சைக்கிள் என்பது பெடல் உள்ள வண்டி. நீங்கள் மிதிப்பீர்கள், மோட்டார் துணைக்குத் தள்ளும். மின்ஸ்கூட்டரைப் பற்றி இதில் எதுவும் இல்லை.

முதலில் பெரிய பேட்டரி வாங்கலாமா, பெரிய மோட்டார் போடலாமா என்று கேட்பீர்கள். இரண்டும் வேண்டாம். முதல் செலவு உங்கள் உடம்புக்கு. பேட்டரி தீர்ந்தால் வழியில் ஒரு கடையில் சொருகிச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். இடுப்பும் முழங்காலும் மணிக்கட்டும் வலிக்க ஆரம்பித்தால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்துவிடும். வண்டி உங்களைத் தொடும் இடங்கள் மூன்றுதான்: சீட், ஹேண்டில்பார், பெடல். அவற்றிலிருந்து தொடங்குவோம்.

சீட் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்? சிக்னலில் இரண்டு பாதமும் தரையில் பட வேண்டும் என்று பலர் சீட்டைத் தாழ்த்தி வைத்திருப்பார்கள். ஊருக்குள் இது வசதி. ஐம்பது கிலோமீட்டர் போனால் முழங்கால் வலிக்கும். சுவரில் கை ஊன்றி வண்டியில் உட்காருங்கள். பெடலைக் கீழே கடைசி வரை இறக்கி, அதன்மேல் குதிகாலை வையுங்கள். அப்போது கால் நேராக நீண்டிருந்தால் உயரம் சரி. மிதிக்கும்போது பாதத்தின் முன்பகுதிதான் பெடலில் இருக்கும் என்பதால் முழங்காலில் இலேசான மடிப்பு வந்துவிடும். சீட் தண்டில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரியும்படி உயர்த்தக் கூடாது. மீறினால் தண்டு முறியலாம்.

மெத்தென்ற பெரிய சீட் வாங்கினால் வலி குறையுமா? அரை மணி நேரத்துக்குக் குறையும். அதன்பின் கூடும். நம் எடையைத் தாங்க வேண்டியவை உட்காரும் எலும்புகள் (இடுப்பின் அடியில் உள்ள இரண்டு எலும்பு முனைகள்). பஞ்சு தடிமனாக இருந்தால் எலும்பு அதில் புதைந்து, சுற்றியுள்ள மென்சதை நசுங்கும். உங்கள் எலும்பின் அகலத்துக்குப் பொருந்தும், ஓரளவு கெட்டியான சீட்தான் நல்லது. அதைச் சமமட்டமாக வையுங்கள். மூக்கு மேலே தூக்கியிருந்தால் தொடையிடுக்கு மரத்துப்போகும். கீழே சரிந்திருந்தால் உடல் முன்னே வழுக்கி, பாரமெல்லாம் கைக்கு வரும்.

இதோடு, அடியில் மெத்தை தைத்த சைக்கிள் கால்சட்டை ஒன்று வாங்குங்கள். உள்ளாடை இல்லாமல்தான் அதைப் போட வேண்டும். உள்ளாடையின் தையல் உராய்ந்துதான் புண் வருகிறது. இரவு துவைத்துக் காயப்போட வேண்டியிருப்பதால் இரண்டு இருந்தால் நிம்மதி. சாலை மோசம் என்றால் ஸ்பிரிங் வைத்த சீட் தண்டும் உதவும்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் ஏன் மரத்துப்போகின்றன? அந்த விரல்களுக்குப் போகும் நரம்பு உள்ளங்கையின் ஓரத்தில் ஓடுகிறது. உருண்டைக் கைப்பிடி அதை மணிக்கணக்கில் அழுத்துகிறது. உள்ளங்கை பரவி உட்காரும்படி தட்டையாக விரிந்த கைப்பிடியை மாட்டுங்கள். ஹேண்டில்பாரைச் சீட்டின் உயரத்துக்கோ சற்று மேலேயோ கொண்டுவாருங்கள்.

இதில் மின்சைக்கிளுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பிரேக் பிடித்தால் மோட்டார் நிற்பதற்காகப் பல வண்டிகளில் பிரேக் பிடிக்குள் ஒரு வயர் போகும். வேகமும் சார்ஜும் காட்டும் திரைக்கும் வயர் உண்டு. ஹேண்டில்பாரை உயர்த்தியதும் இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். ஏதாவது ஒரு வயர் இழுபட்டால், நீளமான இணைப்பு வயர் போடாமல் கிளம்பாதீர்கள்.

அடுத்தது டயர். அதிர்வைக் குறைக்க மலிவான வழி இதுதான். வண்டியின் ஃபிரேமில் இடமிருந்தால் 2 அங்குல அகலமுள்ள டயர் போடுங்கள். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அதிகபட்சக் காற்றழுத்தம் தாண்டக் கூடாத எல்லை. அவ்வளவு அடைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. கொஞ்சம் குறைத்து அடைத்தால் குலுக்கல் குறையும். மிகவும் குறைத்தால் பள்ளத்தில் டியூப் ரிம்மில் நசுங்கிப் பஞ்சராகும்.

இப்போது பேட்டரிக்கு வருவோம். உங்கள் பேட்டரி எவ்வளவு தூரம் போகும்? விளம்பரத்தை விட்டுவிட்டு நீங்களே கணக்குப் போடலாம். பேட்டரியில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியர்-ஹவரையும் பெருக்குங்கள். 36 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர் என்றால் 360 வாட்-ஹவர் (பேட்டரி கொள்ளும் மின்சாரத்தின் அளவு). சமதரையில், நீங்களும் நன்றாக மிதித்து, மோட்டார் உதவியைக் குறைவாக வைத்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 7 வாட்-ஹவர் ஆகும். உதவியைக் கூட்டினால் 10 முதல் 12. மிதிக்காமல் ஆக்சிலேட்டரை மட்டும் முறுக்கினால் 15க்கு மேல். அதாவது அதே பேட்டரி 50 கி.மீ.யும் போகும், 24 கி.மீ.யிலும் படுத்துவிடும்.

புதுச்சேரிப் பயணத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் சுமார் 45 கி.மீ. ஒரு சார்ஜில் போய்விடலாம், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். இரவு அங்கே தங்கிச் சார்ஜ் போடுங்கள். அங்கிருந்து புதுச்சேரி சுமார் 95 கி.மீ. இதற்கு இரண்டு முழுச் சார்ஜ் தேவை. நடுவழியில் எங்காவது நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

நிறுத்தினால் எவ்வளவு நேரம் போகும்? வண்டியோடு வரும் சார்ஜர் பெரும்பாலும் 2 ஆம்பியர். 10 ஆம்பியர்-ஹவர் பேட்டரி நிறைய ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். இது நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். விடிவதற்குள் கிளம்பினால் ஒன்பது மணிக்குள் பாதி தூரம் முடிந்துவிடும். உச்சி வெயில் முழுவதும் பேட்டரி சார்ஜ் ஏறட்டும், நீங்கள் நிழலில் சாப்பிட்டு ஓய்வெடுங்கள். மாலையில் மீதித் தூரம். நம் ஊர் வெயிலில் வண்டிக்கு ஓய்வு தேவைப்படும் நேரமும் உங்களுக்கு ஓய்வு தேவைப்படும் நேரமும் ஒன்றுதான். கடற்கரையோரத்தில் மதியத்துக்குமேல் கடற்காற்று வலுப்பதால் காலையிலேயே அதிகத் தூரத்தை முடிப்பது இன்னும் நல்லது.

சார்ஜ் எங்கே போடுவது? கார்களுக்கான சார்ஜிங் நிலையத்தின் பிளக் உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. உங்களுக்கு வேண்டியது வீட்டில் செல்போனுக்குப் பயன்படும் அதே 5 ஆம்பியர் பிளக்தான். முழுச் சார்ஜுக்கு ஏறக்குறைய அரை யூனிட் மின்சாரம்தான் செலவாகும். சாப்பாட்டுக் கடையில் இதைச் சொல்லி, காசு தருவதாகவும் சொல்லிக் கேளுங்கள். பெரிய கரண்ட் பில் வரும் என்ற பயம் அவர்களுக்குப் போய்விடும்.

தங்கும் விடுதியில் ஒரு விஷயம் கவனியுங்கள். சில இடங்களில் அறைச் சாவி அட்டையை எடுத்ததும் மின்சாரம் நின்றுவிடும். நீங்கள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் பேட்டரி முன்பிருந்த நிலையிலேயே இருக்கும். வரவேற்பில் முன்பே சொல்லி வையுங்கள். பேட்டரியைப் படுக்கையின் மேலோ வாசல் கதவின் பக்கத்திலோ வைக்காமல், வெறும் தரையில், நீங்கள் விழித்திருக்கும்போதே சார்ஜ் போடுங்கள். வெயிலில் ஓடிச் சூடாக வந்த பேட்டரியை அரை மணி நேரம் ஆறவிட்ட பிறகுதான் சொருக வேண்டும்.

வேகம் குறைந்தால் எவ்வளவு மிச்சமாகும்? மணிக்கு 25 கி.மீ.யிலிருந்து 20க்கு வந்தால், ஒவ்வொரு கிலோமீட்டரிலும் காற்றைத் தள்ளும் வேலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். காசே செலவில்லாமல் பேட்டரியைப் பெரிதாக்கும் வழி இது.

மலை ஏற முடியுமா? கணக்கைப் பாருங்கள். ஆள், வண்டி, மூட்டை எல்லாம் சேர்ந்து 110 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் உயரம் ஏற 30 வாட்-ஹவர் வேண்டும். மோட்டாரில் வீணாவது தனி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் ஏற்றம். ஏற்றத்துக்கு மட்டும் 450 வாட்-ஹவர். 360 வாட்-ஹவர் பேட்டரியை மட்டும் நம்பினால் பாதி மலையில் நிற்பீர்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. சக்கரத்தின் நடுவே மோட்டார் உள்ள வண்டி செங்குத்தான ஏற்றத்தில் மெதுவாக ஊர்ந்தால், மின்சாரத்தில் பெரும்பங்கு சூடாக மாறி மோட்டார் கெட்டுப்போகலாம். சின்ன கியரில் நீங்களும் மிதியுங்கள். மோட்டாரைத் தொட முடியாத அளவு சூடானால் நிறுத்தி ஆறவிடுங்கள். பெடல் பக்கத்தில் மோட்டார் உள்ள வண்டி கியரைப் பயன்படுத்திக்கொள்வதால் மலைக்கு ஏற்றது.

இறக்கத்தில் சார்ஜ் திரும்ப ஏறாதா? பெரும்பாலான மின்சைக்கிள்களில் ஏறாது. இறக்கத்தில் மோட்டார் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றாமல் கழன்று நிற்கும்படிதான் அமைப்பு. பாரத்தோடு இறங்கும்போது வேலை முழுவதும் பிரேக்குக்குத்தான். கிளம்பும் முன் பிரேக் கட்டைகளைப் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

இரண்டாவது பேட்டரி வாங்கலாமா? அடிக்கடி போவதானால் வாங்கலாம். அதே நிறுவனத்தின், அதே வோல்ட் பேட்டரியாக இருக்கட்டும். ஒன்று தீர்ந்ததும் கழற்றி மற்றதை மாட்டுங்கள். இரண்டையும் வயரால் ஒன்றாக இணைக்காதீர்கள். ஒன்று நிறைந்தும் மற்றது காலியாகவும் இருந்தால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மின்சாரம் பாய்ந்து தீப்பிடிக்கலாம். 36 வோல்ட் வண்டிக்கு 48 வோல்ட் பேட்டரி போட்டால் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விமானத்தில் போய் வேறு ஊரில் ஓட்டும் எண்ணம் இருந்தால் அதையும் மறந்துவிடுங்கள். பயணிகள் விமானத்தில் 160 வாட்-ஹவருக்கு மேற்பட்ட பேட்டரிக்கு அனுமதி இல்லை.

மூட்டையை எங்கே கட்டுவது? முதுகில் வேண்டாம். வியர்க்கும், சீட்டின் மேல் பாரமும் கூடும். பின் கேரியரின் இருபுறமும் தாழ்வாகத் தொங்கும் பைகள்தான் நல்லவை. கேரியர் தாங்கும் எடை அதிலேயே எழுதியிருக்கும். பேட்டரியே கேரியரில் இருக்கும் வண்டியானால் கனமானவற்றை முன்பக்கப் பைக்கு மாற்றுங்கள். பின்சக்கரத்தில் மோட்டார், ஆள், மூட்டை என்று மூன்று பாரம் சேர்வதால் ஸ்போக்ஸ் கம்பிகள் அறுபடும். கிளம்பும் முன் சைக்கிள் கடையில் கம்பிகளை இறுக்கிக் கோட்டம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சரானால்? மோட்டார் உள்ள சக்கரத்தைக் கழற்றப் பல பஞ்சர் கடைக்காரர்கள் தயங்குவார்கள். அதன் நட்டு பெரியது, பெரும்பாலும் 18 மில்லிமீட்டர் ஸ்பேனர் வேண்டும். அதைக் கையோடு வைத்திருங்கள். மோட்டார் வயரின் இணைப்பைப் பிரிக்கவும், அச்சில் உள்ள வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்று செல்போனில் படம் எடுக்கவும் பழகுங்கள். சின்ன ஓட்டை என்றால் சக்கரத்தைக் கழற்றாமலே டியூபை மட்டும் வெளியே இழுத்து ஒட்டிவிடலாம்.

மழையில் ஓட்டலாமா? சாதாரண மழையில் ஓட்டலாம். மோட்டார் முழுகும் அளவுக்குத் தேங்கிய தண்ணீரில் இறங்கக் கூடாது. பயணம் முடிந்ததும் வாட்டர் சர்வீஸுக்கு விடாதீர்கள். அழுத்தமான தண்ணீர் இணைப்புகளுக்குள் போய்விடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

கடைசியாக, வேகத் தடையை எடுத்துவிடலாமா? இந்தியாவில் 250 வாட்டுக்கு உட்பட்ட, 25 கி.மீ. வேகத்தில் மோட்டார் உதவி நின்றுவிடும் பெடல் வண்டி மோட்டார் வாகனக் கணக்கில் வராது. பதிவும் உரிமமும் தேவையில்லை. தடையை நீக்கினால் அந்தச் சலுகை போய்விடும். விபத்து நடந்தால், பதிவும் காப்பீடும் இல்லாத மோட்டார் வாகனத்தை ஓட்டியவர் ஆகிவிடுவீர்கள். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான் (வெளிச்சம் பட்டால் மின்னும் வில்லை) இருப்பதும் அதே விதியில் உள்ளது. மூட்டை கட்டியதும் பின்னால் உள்ளது மறையாமல் பாருங்கள்.

கையில் உள்ள பணத்தை இந்த வரிசையில் செலவிடுங்கள்: சீட், கால்சட்டை, கைப்பிடி, டயர், பிரேக், பை. இவையெல்லாம் முடிந்தபிறகும் பணம் இருந்தால் இரண்டாவது பேட்டரி. மோட்டாரில் கை வைக்கவே வேண்டாம். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு முழு மூட்டையையும் கட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி 30 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். எங்கே வலிக்கிறது, எவ்வளவு சார்ஜ் குறைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு குறிப்புகளை வைத்து உங்கள் பயணத்தைத் திட்டமிடுங்கள்.