காலி வீதியில் ஒரு நாள்

பாடசாலை விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்று யோசிக்கிறீர்களா, சகோதரிகளே? 2011 இல் திறக்கப்பட்ட அதிவேகப் பாதையை விட்டு, கொழும்பிலிருந்து பழைய காலி வீதியால் ஒருமுறை போய்ப் பாருங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை அப்பக்கத்துக் கடல் அமைதியாக இருக்கும். மே மாதம் பிறந்தால் கொந்தளிக்கும், குளிக்க இறங்கக் கூடாது.

சோற்றுப் பொதிகளையும் ஒரு பாயையும் எடுத்துக்கொள்ளுங்கள். பேருவளையில் கடல்முனையில் வெள்ளையாக நிற்கும் கெச்சிமலைப் பள்ளிவாசலைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

ஹிக்கடுவைக்கு அருகே பெரலியவில் வாகனத்தைச் சற்று நிறுத்துங்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி ஒரு ரயிலையே புரட்டிப்போட்ட இடம் அது. முதல் அலை ஓய்ந்ததும், பாதுகாப்பென்று எண்ணி அதில் ஏறியவர்களும் அடுத்த அலையில் மாண்டார்கள். ஆயிரத்துக்கும் அதிகமான உயிர்கள் போயின. அவ்விடத்தில் வைத்தே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்: கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க நிற்காதே, மேட்டுநிலத்துக்கு ஓடு, ஓர் அலையோடு முடிந்ததென்று திரும்பி வராதே. கடலோரம் வாழும் நமக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய பாடம்.

1988 முதல் உலக மரபுரிமைச் சொத்தாக உள்ள காலிக் கோட்டையில், வெளிச்சவீட்டுக்கு அருகே மீரான் பள்ளிவாசல் இருக்கிறது. அஸர் தொழுதபின் கோட்டை மதிலில் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பாருங்கள். அன்று உங்களுக்கும் அடுப்படியிலிருந்து விடுமுறைதானே!