ஒரு கதவும் ஒரு மருந்து உருண்டையும்

“மாமா, அந்தச் சூனியக்காரிய கடைசி வரைக்கும் யாருமே தோற்கடிக்கலையே. அப்புறம் எப்படி கதை நிறைவா முடிஞ்ச மாதிரி இருக்கு?”

கேட்டவள் அக்கா மகள். விஸ்காம் இரண்டாம் வருடம் படிக்கிறாள். வகுப்பில் ‘ஸ்பிரிட்டெட் அவே’ படத்தைப் போட்டுக் காட்டி, அதன் கதையமைப்பைப் பற்றி எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். நாயகிக்கு என்ன வேண்டும், தடுப்பது யார், மோதல் எங்கே, வெற்றி எங்கே என்று நோட்டில் நான்கு கட்டம் போட்டிருந்தாள். முதல் இரண்டும் நிரம்பிவிட்டன. மோதலும் வெற்றியும் காலியாகக் கிடந்தன.

இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்தேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். கதையை முழுக்கச் சொல்லப்போகிறேன் என்பதால், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படித்தால் நல்லது.

ஹயாவோ மியாசாகி இயக்கிய இந்த ஜப்பானிய அனிமேஷன் படம் 2001 ஜூலை 20 அன்று ஜப்பானில் வெளியானது. 2002இல் பெர்லின் திரைப்பட விழாவின் தங்கக் கரடியையும், 2003இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரையும் வாங்கியது. ஜப்பானில் அதிகம் வசூலித்த படம் என்ற இடத்தை 2020 வரை எதற்கும் விட்டுத்தரவில்லை. நாயகி சிஹிரோவுக்குப் பத்து வயது. புது ஊருக்குக் குடிபோகும் வழியில் அப்பா காரைத் தவறான பாதையில் திருப்புகிறார். பாதை ஒரு சுரங்க வாசலில் முடிகிறது. அதைத் தாண்டினால் ஆளில்லாத ஒரு கடைத்தெரு. கடையில் குவிந்திருக்கும் உணவை அப்பாவும் அம்மாவும் கேட்காமல் எடுத்துத் தின்று பன்றிகளாகிவிடுகிறார்கள். இருட்டியதும் அந்த இடம் தெய்வங்கள் வந்து குளித்துப்போகும் ஊராகிறது. அங்குள்ள பெரிய குளியல் விடுதியின் முதலாளி யுபாபா என்ற சூனியக்காரி.

முதல் பகுதியை மியாசாகி எப்படிக் கட்டுகிறார் என்று பாருங்கள். சிஹிரோவிடமிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போகிறார். பழைய வீடும் தோழிகளும் ஏற்கெனவே போயாயிற்று. அடுத்து அப்பா அம்மா போகிறார்கள். பிறகு உடம்பே கரையத் தொடங்குகிறது, கையின் ஊடாக எதிர்ப்பக்கம் தெரிகிறது. ஹாக்கு என்ற சிறுவன் அந்த உலகத்து உணவைத் தின்னக் கொடுத்து அவளைக் கரையாமல் நிறுத்துகிறான். கடைசியாக வேலை ஒப்பந்தத்தில் யுபாபா அவள் பெயரையும் பிடுங்கிக்கொண்டு ஒரே ஓர் எழுத்தை மிச்சம் வைக்கிறாள். அந்த எழுத்தைத் தனியாகப் படித்தால் ‘சென்’. ஜப்பானிய மொழியில் அதற்கு ஆயிரம் என்று பொருள். ஒரு சிறுமி வெறும் எண்ணாகிவிடுகிறாள்.

பெயரை மறந்தால் ஊர் திரும்ப முடியாது என்கிறான் ஹாக்கு. இந்த உலகத்துக்கு இன்னும் சில சட்டங்கள் உண்டு. வேலை செய்யாதவர் மிருகமாக்கப்படுவார். வேலை கேட்டு வருபவருக்கு வேலை தந்தே ஆகவேண்டும் என்று யுபாபாவே சத்தியத்தால் கட்டுண்டிருக்கிறாள். எனவே சிஹிரோவுக்கு வாளும் மந்திரமும் தேவைப்படவில்லை. யுபாபா கத்தினாலும் மிரட்டினாலும் “வேலை கொடுங்கள்” என்று விடாமல் கேட்டால் போதும். இது சண்டைக்கான களம் இல்லை என்று மியாசாகி அங்கேயே சொல்லிவிடுகிறார்.

“சரி மாமா, அவ வேலைக்குச் சேர்ந்தப்புறம் வர்றதெல்லாம் தனித்தனிச் சம்பவமா இருக்கே? நாத்தத் தெய்வம் வருது, முகமூடிக்காரன் வர்றான், டிராகன் வருது...”

அப்படித்தான் தோன்றும். நூலைப் பிடிக்க ஒரு கதவிலிருந்து தொடங்க வேண்டும்.

மழை பெய்கிறது. தோட்டத்தில் முகமூடி அணிந்த ஓர் உருவம் நனைந்துகொண்டு நிற்கிறது. பெயர் காவோனாஷி, முகமில்லாதவன் என்று பொருள். பாவம், நனைகிறாரே என்று சிஹிரோ கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறாள். வாடிக்கையாளராக இருக்கும் என்று நினைத்துச் செய்த சிறு உபகாரம் அது. கதை முழுக்க அந்தக் கதவிலிருந்துதான் கிளம்புகிறது.

மூலிகைக் குளியலுக்கான சீட்டைக் கணக்கர் அவளுக்குத் தர மறுக்கிறார். உள்ளே வந்த காவோனாஷி அதை எடுத்துக் கொடுக்கிறான். அந்த நேரத்தில், யாராலும் கிட்டே போக முடியாத நாற்றத்தோடு ஒரு விருந்தாளி வர, அவரைக் கவனிக்கும் பொறுப்பு சிஹிரோ தலையில் விழுகிறது. சீட்டு இருப்பதால் மூலிகைத் தண்ணீர் கிடைக்கிறது. குளிப்பாட்டும்போது அவர் உடம்பில் முள் போல ஏதோ குத்திக்கொண்டிருப்பது அவள் கைக்குத் தட்டுப்படுகிறது. கயிறு கட்டி எல்லோரும் இழுக்க, வெளியே வருவது ஒரு சைக்கிள். அதன் பின்னாலேயே மலையளவு குப்பை. வந்தவர் நாற்றத் தெய்வமே இல்லை, மனிதர்கள் கொட்டிய குப்பையை வயிற்றில் சுமந்த ஓர் ஆற்றின் தெய்வம். மியாசாகி ஒருமுறை ஆற்றைச் சுத்தம் செய்யப் போனபோது, உள்ளேயிருந்து சைக்கிள் ஒன்றை இழுத்தெடுத்த அனுபவத்திலிருந்து பிறந்த காட்சி இது.

ஆற்றுத் தெய்வம் போகும்போது இரண்டை விட்டுச்செல்கிறது. சிஹிரோவின் கையில் ஒரு கசப்பு மருந்து உருண்டை, தரையெங்கும் பொன்துகள். வேலைக்காரர்கள் பொன்னுக்கு அடித்துக்கொள்வதை ஓரமாக நின்று காவோனாஷி பார்க்கிறான். இந்த வீட்டில் பொன் கொடுத்தால் எல்லோரும் நம்மைச் சூழ்ந்து நிற்பார்கள் என்று கற்றுக்கொள்கிறான். அடுத்த நாள் கைநிறையப் பொன் வரவழைக்கிறான், கண்டதையும் தின்று வீங்குகிறான், ஆட்களையே விழுங்குகிறான்.

நோயும் அவள் திறந்த கதவு வழியாகத்தான் வந்தது, மருந்தும் அதே வழியாகத்தான் வந்தது. இந்தப் பிடிமானம் இருப்பதால்தான், உதிரியாகத் தெரியும் சம்பவங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கின்றன.

இனி உருண்டைக்கு வருவோம். படம் முழுக்க என்னை அதிகம் யோசிக்கவைத்த பொருள் இதுதான்.

சிஹிரோ அதில் ஒரு துளி கடித்துப் பார்க்கிறாள். முகம் சுளிக்கும் கசப்பு. ஆனாலும் பத்திரப்படுத்துகிறாள், அப்பா அம்மாவுக்குக் கொடுத்தால் மனிதர்களாகிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில். அன்றிரவு கனவில் உருண்டையோடு பன்றிக் கொட்டிலுக்கு ஓடுகிறாள். எல்லாப் பன்றிகளும் ஒரே மாதிரி இருக்கின்றன, எது அப்பா எது அம்மா என்று தெரியவில்லை. திடுக்கிட்டு விழிக்கிறாள். இந்தக் கனவை நினைவில் வையுங்கள்.

வழக்கமான திரைக்கதை இலக்கணப்படி அந்த உருண்டை கிளைமாக்ஸ் வரை காப்பாற்றப்பட வேண்டும். கடைசி நொடியில் பெற்றோர் வாயில் விழவேண்டும். மியாசாகி அதைப் பாதி வழியிலேயே செலவழிக்கிறார். ஹாக்கு உண்மையில் ஒரு டிராகன். யுபாபாவின் இரட்டைச் சகோதரி ஸெனிபாவின் முத்திரையைத் திருடிவிட்டு, குற்றுயிராக ரத்தம் கொட்டக் கிடக்கிறான். சிஹிரோ அவன் தாடையைப் பிளந்து பாதி உருண்டையைத் திணிக்கிறாள். முத்திரையோடு, அவனை உள்ளிருந்து ஆட்டிவைத்த கரும்புழுவும் வெளியே விழுகிறது. மீதிப் பாதி காவோனாஷிக்கு. அப்பா அம்மாவுக்காக வைத்திருந்தது, ஆனாலும் உனக்குத் தருகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டே கொடுக்கிறாள். அவன் நீட்டிய பொன்னை அவள் தொடவில்லை. தன்னிடம் இருந்த ஒரே மருந்தை அவனுக்குக் கொடுத்துவிட்டாள்.

அக்கா மகள் டீயைக் கீழே வைத்தாள். “அப்போ அப்பா அம்மாவுக்கு?”

ஒன்றும் மிச்சமில்லை. இந்தக் கதையின் முதுகெலும்பு அந்த வெறுங்கைதான். தன் பெற்றோருக்கு என்று இறுக்கிப் பிடித்திருந்ததை, கண்ணெதிரே துடிப்பவருக்குக் கொடுக்க அவளால் முடிகிறது. காரின் பின்சீட்டில் பூங்கொத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் தூக்கிவைத்திருந்த பெண்ணின் வளர்ச்சியை இதைவிடத் துல்லியமாக எந்த வசனத்தாலும் காட்டிவிட முடியாது.

இதற்குப் பிறகு பெரிய மோதல் வரவேண்டிய இடத்தில் ஒரு ரயில் வருகிறது. முத்திரையைத் திருப்பிக் கொடுத்து ஹாக்குவுக்காக மன்னிப்புக் கேட்க சிஹிரோ ஸெனிபாவைத் தேடிப் போகிறாள். தண்ணீருக்கு மேல் ஓடும் ரயில் அது, போவதற்கு மட்டும்தான், திரும்பி வராது. நிழல் போன்ற பயணிகள் ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கிப்போக, மாலை மங்கி இரவாகிறது. பக்கத்தில் காவோனாஷி சாதுவாக உட்கார்ந்திருக்கிறான். வசனம் அநேகமாக இல்லை. ஜோ ஹிசாய்ஷியின் இசை மட்டும் கூடவே வருகிறது.

ஜப்பானில் ‘கிஷோதென்கெட்சு’ என்று ஒரு கதைமுறை உண்டு. சீன நாலடிக் கவிதையிலிருந்து வந்தது. தொடக்கம், வளர்ச்சி, திருப்பம், முடிப்பு என்று நான்கு படிகள். மூன்றாவது படியில் சண்டை இருந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பார்வை வேறு பக்கம் திரும்பினால் போதும். அப்படிப் பார்த்தால் இந்த ரயில்தான் படத்தின் திருப்பம். அதன் அமைதியைப் பற்றி மியாசாகியின் வேறொரு கருத்தும் உதவும். கைதட்டும்போது இரண்டு தட்டலுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை ஜப்பானிய மொழியில் ‘மா’ என்பார்கள். ஓயாத பரபரப்பில் பார்வையாளர் மரத்துப்போவார், அந்த இடைவெளிதான் படத்துக்கு மூச்சு என்று அவர் ஒரு பேட்டியில் விளக்கியிருக்கிறார். ரயிலில் சிஹிரோ எதுவும் செய்வதில்லை. இத்தனை நேரம் நடந்ததெல்லாம் அவளுக்குள்ளும் நமக்குள்ளும் அங்கேதான் படிகிறது.

ஸெனிபா அவர்களுக்குத் தேநீரும் கேக்கும் கொடுத்து உட்காரவைக்கிறாள். கூட வந்த நண்பர்கள் நூற்ற நூலில் தலைமுடிக்கு ஒரு கயிறு பின்னித் தருகிறாள். திரும்பும் வழியில், டிராகனாகப் பறக்கும் ஹாக்குவின் முதுகில் இருக்கும்போது, சின்ன வயதில் தான் தவறி விழுந்த ஓர் ஆறு சிஹிரோவின் நினைவுக்கு வருகிறது. கொஹாகு ஆறு. இப்போது அதை மூடிக் குடியிருப்புகள் கட்டிவிட்டார்கள். ஹாக்குதான் அந்த ஆறு, அவன் இழந்திருந்த பெயர் அதுதான். தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டவள் இன்னொருவர் பெயரையும் மீட்டுத் தருகிறாள்.

கடைசிச் சோதனை. வரிசையாக நிற்கும் பன்றிகளில் அப்பா அம்மா யார் என்று சொல்ல வேண்டும். அந்தக் கனவு இங்கே நிஜமாகத் திரும்பி வருகிறது. ஆனால் சிஹிரோ பதறவில்லை. நிதானமாகப் பார்த்து, இவற்றில் யாரும் இல்லை என்கிறாள். ஒப்பந்தம் மறைந்துபோகிறது. எப்படித் தெரிந்தது என்று படம் விளக்குவதில்லை. மேலே இருந்ததைக் கடந்து உள்ளே இருப்பதைப் பார்க்க அவள் பழகியிருந்தாள். நாற்றத்துக்கு உள்ளே ஆற்றையும், டிராகனுக்குள்ளே ஹாக்குவையும், வீங்கிய உடம்புக்குள்ளே தனிமையில் கிடந்த ஒருவனையும் அவள்தானே கண்டாள்? மருந்து தீர்ந்திருந்தாலும் அந்தப் பழக்கம் கூட இருந்தது.

இப்போது நோட்டில் காலியாக இருந்த கட்டங்களுக்கு வருகிறேன். மியாசாகி முழுத் திரைக்கதையைக் கையில் வைத்துக்கொண்டு படம் தொடங்குபவர் இல்லை. ஸ்டோரிபோர்டு வரைய வரையக் கதையும் கூடவே வளரும். முதலில் அவர் யோசித்த கதையில் சிஹிரோ யுபாபாவைத் தோற்கடிப்பாள், பிறகு அவளைவிட வலிமையான சகோதரி வருவாள், அவளையும் வெல்ல வேண்டியிருக்கும். அப்படி எடுத்தால் மூன்று மணி நேரத்தைத் தாண்டும் என்று வந்தபோதுதான் அதைக் கைவிட்டு, விடுதிக்குப் போகும் பாலத்தில் சும்மா நின்றுகொண்டிருந்த காவோனாஷியை முன்னால் கொண்டுவந்தார்கள். தயாரிப்பாளர் தோஷியோ சுசுகி சொல்லியிருக்கும் தகவல் இது. அக்கா மகள் தேடிய மோதலும் வெற்றியும் ஒரு காலத்தில் அந்தக் கதையில் இருக்கத்தான் செய்தன. அவற்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு தனிமையான உயிரை வைத்த பிறகுதான் இன்று நாம் பார்க்கும் படம் பிறந்தது.

முடிவில் சுரங்கத்தைக் கடக்கும்போது, தொடக்கத்தில் கடந்தபோது போலவே சிஹிரோ அம்மாவின் கையைப் பிடித்துத் தொங்குகிறாள். நடக்க விடு என்று அம்மாவும் அதேபோல அலுத்துக்கொள்கிறாள். பெற்றோருக்கு எதுவும் நினைவில்லை. காரின் மேல் இலைகள் குவிந்திருக்கின்றன. அவள் தலையில் அந்தக் கயிறு ஒரு கணம் மின்னுகிறது. புதுப் பள்ளியைச் சமாளித்துவிடுவேன் என்று ஆங்கில டப்பிங்கில் அவள் பேசும் வசனம் ஜப்பானிய மூலத்தில் கிடையாது. அங்கே கார் பேசாமல் கிளம்பிப்போகிறது. சிறுமி வளர்ந்து பெரியவளாகும் கதையை எடுக்கவில்லை, அவளுக்குள் ஏற்கெனவே இருந்தது வெளிவரும் கதையை எடுத்தேன் என்பதே மியாசாகி சொன்னதன் சாரம். அந்த மௌனம் அதற்குப் பொருத்தமானது.

கதை எழுத ஆசைப்படும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் நாயகி யாரை ஜெயிக்கிறாள் என்று திட்டமிடும் முன், தன்னிடம் இருந்த எதை, யாருக்காக விட்டுக்கொடுக்கிறாள் என்று எழுதிப் பாருங்கள். கதை அங்கிருந்து தானே நடக்கும்.