பல்லுக்குக் கம்பி... எப்போது எந்தக் கம்பி?

உங்கள் பெண்ணுக்குப் பதிமூன்று வயசு. முன்பல் வரிசை தப்பி இருக்கிறதே என்று கிளிப் போட அழைத்துப் போகிறீர்கள். டாக்டர் முதலில் மெல்லிசாக ஒரு கம்பியை மாட்டுகிறார். சில மாசம் கழித்து, ‘‘இனிமே ஸ்டீல் கம்பி போடணும்’’ என்கிறார். ‘இதுவே நல்லாத்தானே இருக்கு? வீண் செலவு வைக்கிறாரோ?’ என்று மனசு அடித்துக்கொள்கிறதா? கொஞ்சம் பொறுங்கள். இரண்டுக்கும் குணமே வேறே!

ஞாபகசக்தி உள்ள கம்பி!

முதலில் போட்டது நிட்டினால். நிக்கலும் டைட்டானியமும் சேர்ந்த கலவை. எடையில் நிக்கல் சுமார் 55 சதவிகிதம். அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் உருவாகி, 1970-களில் பல் வைத்தியத்துக்கு வந்தது. எப்படி வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பத் துடிக்கும். கோணல் பல்லில் மாட்டினால், மாசக்கணக்கில் மெதுவாக, ஒரே சீராகப் பல்லை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆரம்பத்தில் ஸ்டீல் கம்பியை அவ்வளவு வளைத்தால் அப்படியே மடங்கிப் போகும். அல்லது வலி உயிரை எடுக்கும்.

ஸ்டீல் எதற்கு?

பல் வரிசைக்கு வந்த பிறகு இடைவெளியை மூட வேண்டும். அப்போது இழுக்கிற இழுப்புக்கு நிட்டினால் வளைந்து கொடுக்கும்; பல் சாய்ந்துவிடும். ஸ்டீலின் விறைப்பு அதைப்போல மூன்று, நான்கு மடங்கு. தண்டவாளம் மாதிரி அசையாமல் நிற்கும். பல்லும் சுலபமாக வழுக்கி நகரும். டாக்டர் தேவைப்பட்ட இடத்தில் வளைத்து, கொக்கியும் செய்துகொள்ளலாம். நிட்டினாலில் அது நடக்காது.

அரிப்பு உண்டா?

கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறதா? நிக்கல் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். ஸ்டீல் கம்பியிலும் சுமார் 8 சதவிகிதம் நிக்கல் உண்டு. பயப்பட வேண்டாம், இரண்டு கம்பி மேலும் காப்புப் படலம் இருப்பதால் நிக்கல் கொஞ்சமாகவே கசியும். தோலைவிட வாயின் உட்பகுதி தாங்கும் சக்தியும் அதிகம். ஆனாலும் கம்பி போடும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். போட்ட பிறகு வாய் எரிச்சல், உதட்டைச் சுற்றித் தடிப்பு வந்தால் உடனே காட்டுங்கள். நிக்கலே இல்லாத பீட்டா டைட்டானியம் கம்பி இருக்கிறது.

வீட்டில்...

* கம்பி மாற்றிய முதல் மூன்று, நான்கு நாள் வலி சகஜம். இட்லி, குழைந்த தயிர் சாதம் கொடுங்கள். முறுக்கு, கடலை மிட்டாய் கூடாது.

* சிலவகை நிட்டினால் குளிர்ந்தால் தளரும். குளிர்ந்த நீரில் வாய் கொப்பளித்தால் சற்று இதமாக இருக்கும்.

* கம்பி முனை குத்தினால் டாக்டர் தரும் மெழுகை வையுங்கள். நகவெட்டியால் நறுக்கப் போகாதீர்கள்!

எவர்சில்வர் குடம் வாங்கும்போதே தட்டிப் பார்க்கிறோம். குழந்தை வாயில் போகிற கம்பியைப் பற்றிக் கேட்கத் தயக்கம் என்ன? ‘‘டாக்டர், இப்ப போடறது எந்தக் கம்பி? என்ன வேலைக்கு?’’ என்று தாராளமாகக் கேளுங்கள்!