கணிப்பொறிகளுக்கு ஒரு பொது மொழி

ஒரு தாளில் 03-04-2010 என்று எழுதுங்கள். இது எந்த நாள்? ஏப்ரல் 3 என்பீர்கள். அமெரிக்க மாணவன் ஒருவனோ மார்ச் 4 என்பான். எண்கள் ஒன்றே, பொருள்தான் வேறு!

இதே குழப்பம் அரசுத் துறைகளின் கணிப்பொறிகளுக்கிடையிலும் நேரலாம். ஒரு துறை பிறந்த தேதியை ஒரு விதமாகவும், மற்றொரு துறை வேறு விதமாகவும் பதிந்திருப்பதாகக் கொள்வோம். இரண்டையும் கம்பியால் இணைத்தால் போதுமா? போதாது. எண்கள் போய்ச் சேரும். பொருள் போய்ச் சேராது. வயது தவறாகக் கணக்கிடப்பட்டு, தகுதியுள்ள ஒரு மாணவிக்கு உதவித்தொகை மறுக்கப்படவும் கூடும்.

ஆகவே முதல் தேவை, பொதுவான எழுத்துமுறை. அனைத்துலகத் தர நிர்ணய அமைப்பு 1988இல் தேதிக்கு ஒரு முறையை வகுத்தது. அதன்படி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2010-04-03 என்று எழுத வேண்டும்.

இரண்டாவது தேவை, ஆளைச் சரியாக அடையாளம் காண்பது. ஒரே பெயரில் பலர் இருப்பார்கள் அல்லவா? பால்டிக் கடற்கரையிலுள்ள எஸ்டோனியா நாட்டில் ஒவ்வொருவருக்கும் 11 இலக்க எண் உண்டு. அதன் கடைசி இலக்கம் முன்னுள்ள 10 இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படுகிறது. எனவே ஓர் இலக்கம் பிழையானாலும் கணிப்பொறி பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும்.

மூன்றாவது தேவை, பாதுகாப்பான பாதை. எல்லா விவரங்களையும் ஒரே கிடங்கில் குவித்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் கிடங்கின் பூட்டு உடைந்தால் அனைத்தும் களவு போகும். எஸ்டோனியா அவ்வாறு செய்யவில்லை. 2001இல் அது ‘எக்ஸ்-ரோடு’ என்னும் தகவல் பாதையை அமைத்தது. ஒவ்வொரு துறையின் விவரமும் அந்தத் துறையிடமே இருக்கும். மற்றொரு துறை கேட்டால், அதற்கு அனுமதி உண்டா என்று பார்த்து, வேண்டிய விவரம் மட்டும் அனுப்பப்படும். இடையில் எவரும் படிக்க முடியாதபடி அது இரகசியக் குறியீடாக மாற்றப்படும். அனுப்பியவர் யார் என்பதற்கு மின்னணு முத்திரையும் இடப்படும்.

இதனால் குடிமகன் ஒரே விவரத்தை அலுவலகம் அலுவலகமாகச் சுமந்து திரிய வேண்டியதில்லை. மக்கள்தொகைப் பதிவேட்டிலுள்ள தன் விவரத்தை யார் பார்த்தார்கள் என்பதையும் அவரே அறியலாம். 2018இல் அண்டை நாடான பின்லாந்தின் பாதையும் இதனுடன் இணைக்கப்பட்டது. முன்னரே ஒரே முறையை இரு நாடுகளும் ஏற்றிருந்ததால்தான் இது இயன்றது.

நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். நண்பர்கள் பத்துப் பேரிடம் பெயர், பிறந்த தேதி, முகவரி ஆகியவற்றை எழுதித் தரச் சொல்லுங்கள். எத்தனை விதமாக எழுதுகிறார்கள்? பத்துப் பேரும் ஏற்கக்கூடிய ஒரே முறையை வகுக்க உங்களால் முடியுமா?