'அப்புறம் தங்கத்துக்கு என்ன ஆச்சு?' - அண்ணன்மார் கதையும் இளசுகளின் கேள்விகளும்!

பொங்கல் விடுமுறைக்கு ராசிபுரம் பக்கத்தில் இருக்கும் அம்மாயி வீட்டுக்குப் போயிருந்தேன். பிளஸ் ஒன் படிக்கும் சித்தி மகள், திண்ணையில் உட்கார்ந்து மொபைலில் அண்ணன்மார் கதைச் சுருக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மொத்தமே பத்து நிமிட வீடியோ. முடிந்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"கிளி வேணும்னு கேட்டது தங்கச்சி. அதுக்காகப் போய் அண்ணனுங்க ரெண்டு பேரும் செத்துட்டாங்க. அதோட கதை முடிஞ்சிருச்சு. அப்புறம் தங்கத்துக்கு என்னக்கா ஆச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்த அம்மாயி நிமிராமலே சொன்னார்: "அதுக்கு அப்புறந்தான் சாமி கதையே இருக்குது!"

அந்த ஒரு வரிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

கொங்கு மண்ணின் மாயக்கதை

பொன்னர், சங்கர் என்று இரண்டு அண்ணன்கள். அருக்காணித் தங்கம் என்று ஒரு தங்கை. சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் பக்கம் இவர்களைத் தெரியாத ஊர் குறைவு. பல ஊர்களில் இவர்கள் அண்ணமார் சாமிகள். திருச்சி மாவட்டம் மணப்பாறை அருகே வீரப்பூரில் மாசி மாதம் நடக்கும் பெரியகாண்டியம்மன் கோயில் திருவிழாவுக்கு நம் பக்கத்து ஜனங்களும் வண்டி கட்டிப் போவது வழக்கம்.

சாமி கதை என்று ஒதுக்கிவிடாமல் கேட்டால், ஒரு மாயக்கதைக்கு வேண்டிய எல்லாமே இதில் இருக்கிறது. குழந்தை வரத்துக்காக வருஷக்கணக்கில் தவம் கிடக்கும் அம்மா தாமரை. ஆண் குழந்தை பிறந்தால் கொன்றுவிடச் சொல்லி மருத்துவச்சியை ஏவும் பங்காளிகள். அவர்கள் கண்ணில் படாமல் ரகசியமாக வளரும் பிள்ளைகள். நடக்கப்போவதைக் கனவில் காணும் தங்கை. காட்டை விட்டு வயலுக்கு வந்து பயிரை அழிக்கும் கொம்பன் என்ற ராட்சசப் பன்றி. அந்தப் பன்றியை மடக்கும் ஒரு குட்டி நாய்!

எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம், அண்ணன்களுக்கு விதிக்கப்பட்ட ஆயுள் வெறும் 16 வருஷம். நாம் கோயிலில் பெரிய மீசையோடு பார்க்கும் அந்த வீரர்கள், இன்றைக்கு இருந்தால் பிளஸ் ஒன் படிக்கும் வயசு. "ஐயோ, என் வயசுதானா?" என்று சித்தி மகள் வாயைப் பிளந்தாள்.

உடுக்கையிலிருந்து மொபைலுக்கு

இந்தக் கதையின் சொந்த வடிவம் உடுக்கையடிப் பாட்டு. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்து, பல இரவுகள் தொடர்ந்து பாடுவார்கள். பாடுபவருக்குப் பாடுபவர், ஊருக்கு ஊர் விவரம் மாறும். பிறகு கவிஞர் சக்திக்கனல் அண்ணன்மார் சுவாமி கதையைப் புத்தகமாகப் பதிப்பித்தார். கலைஞர் கருணாநிதி 'பொன்னர் சங்கர்' நாவல் எழுதினார். அதைத் தியாகராஜன் இயக்க, பிரசாந்த் இரட்டை வேடத்தில் நடித்த படம் 2011-இல் வந்தது. இசை இளையராஜா, அருக்காணியாக சினேகா.

இதற்கிடையில் இன்னொரு பயணமும் நடந்தது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவியாக 1960-களில் காங்கேயம் அருகே ஓலப்பாளையத்தில் வந்து தங்கிய பிரெண்டா பெக், 1965-இல் இந்தக் கதையை முழுவதுமாகப் பாடச் சொல்லி டேப்பில் பதிவு செய்தார். 1982-இல் இதைப் பற்றி ஆங்கிலத்தில் ஆய்வு நூல் எழுதினார். அதோடு விடவில்லை. பல வருஷம் கழித்து, கனடாவிலிருந்து 26 பாக அனிமேஷன் தொடராகவும் படக்கதைகளாகவும் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொண்டுவந்தார். 'பொன்னிவளக் கதை' என்ற பெயரில் அது இப்போது இளசுகளின் கைக்கும் வந்துவிட்டது.

சித்தி மகளையும் அவள் தோழிகளையும் அதைப் பார்க்கச் சொன்னேன். அக்கம்பக்கத்தில் வேறு சிலரிடமும் பேச்சுக் கொடுத்தேன். எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. யாருடையதும் அடுத்தவருடையதோடு ஒத்துப்போகவில்லை!

"தங்கச்சின்னா அழணுமா?"

பெண் பிள்ளைகளின் முதல் புகார் தங்கத்தைப் பற்றித்தான். "கிளி கேக்கறா, அழறா, அண்ணனுக்குத் திருநீறு வெச்சு அனுப்பறா. அவளுக்குன்னு எதுவுமே இல்லையா? நான் எழுதினா தங்கத்தைத்தான் ஹீரோ ஆக்குவேன்" என்றாள் ஒருத்தி. சினிமாவை மட்டும் பார்த்த இன்னொருத்திக்கு, ஆளுக்கொரு நாயகி, டூயட் என்று போவதில் ஒட்டவே இல்லை. "அண்ணன் தங்கச்சி கதைன்னு நம்பி உக்காந்தேங்கா" என்றாள்.

திருச்செங்கோட்டில் இன்ஜினீயரிங் படிக்கும் பையனுக்கு வேறு குறை. "அனிமேஷன் ரொம்ப மெதுவாப் போகுது. ஆனா அந்த நாய்க்குட்டி சீன் மட்டும் ரெண்டு தடவை பார்த்தேன்."

"கிளி யாரோடது?"

என்னை யோசிக்க வைத்தது ஒன்பதாவது படிக்கும் ஒரு பையனின் கேள்வி. "கிளி இருந்தது வேட்டுவரோட காட்டுல. இவங்க உள்ள போய்ப் புடிச்சாங்க. அப்புறம் அவங்க சண்டைக்கு வந்தா, அவங்க எப்படிக்கா வில்லன் ஆவாங்க?"

நியாயமான கேள்விதான். ஏர் பிடித்து நிலத்தைத் திருத்தியவர்களுக்கும், காட்டை நம்பி வாழ்ந்தவர்களுக்கும் இடையில் நடந்த உரசல் இந்தக் கதைக்குள் இருக்கிறது. வேட்டுவர் பக்கம் நின்று சொன்னால் நியாயம் வேறு மாதிரி தெரியும். இன்றைக்கு ஒரே வகுப்பறையில் எல்லோர் வீட்டுப் பிள்ளைகளும் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். கதையைப் புதிதாக எழுதுகிறவர்கள் ஒரு பக்கத்தை மட்டும் அரக்கனாக்கிவிட்டால், வகுப்பில் யாரோ ஒரு பிள்ளை தலை குனிந்து உட்கார வேண்டியிருக்கும்.

சாம்புகனைப் பற்றியும் கேட்டார்கள். சங்கரோடு எப்போதும் கூடவே போகும் உதவியாள் அவன். ஒடுக்கப்பட்ட சமூகத்தவன். எல்லா ஆபத்திலும் கூட நிற்கிறான், கடைசியில் அவனும் உயிரை விடுகிறான். "போஸ்டர்ல ரெண்டு பேருதான் இருக்காங்க. மூணாவது ஆளு எங்கே?" என்றான் அதே பையன். அவன் கண்ணிலிருந்து சொல்லும் ஒரு நாவல் வந்தால், நானே முதல் பிரதி வாங்குவேன்.

முடிவை மாற்றலாமா?

அம்மாக்களின் கவலை வேறு. போரில் ஜெயித்த பிறகு, விதிப்படி காலம் முடிந்ததென்று அண்ணன்கள் தங்கள் வாளாலேயே உயிரை விடுவதாகப் பாட்டில் வருகிறது. "இதைப் புள்ளைகளுக்கு எப்படிங்க சொல்றது? ஜெயிச்சாங்க, நல்லா இருந்தாங்கன்னு முடிச்சா என்ன?" என்று கேட்டார் பள்ளி ஆசிரியையான ஒரு அக்கா.

மாற்றுவது ஒன்றும் உலகத்தில் நடக்காத விஷயமில்லை. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட தொகுப்பில், ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடிப்பது அவளைப் பெற்ற அம்மாதான். 1819 பதிப்பில் அதைச் சித்தி என்று மாற்றிவிட்டார்கள். சிண்ட்ரெல்லாவைப் பாதி இயந்திரப் பெண்ணாக்கி மரிஸ்ஸா மேயர் எழுதிய 'சிண்டர்' நாவல், 2012-இல் வந்து இளம் வாசகர்களிடம் பெரிய வரவேற்பைப் பெற்றது.

இதையெல்லாம் அம்மாயியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "மாத்தறது இருக்கட்டும் கண்ணு. மொதல்ல முழுசாச் சொல்லச் சொல்லு."

முழுக் கதையில் தங்கம் அழுதுகொண்டே உட்கார்ந்துவிடவில்லை. காங்கேயம் பக்கம் பதிவான பாட்டில், அண்ணன்கள் செத்த செய்தி உறுதியானதும் கோபத்தில் அரண்மனைக்கே தீ வைக்கிறாள். அண்ணிகள் அதில் மாண்டுபோகிறார்கள். நல்ல பிள்ளை செய்கிற காரியமா அது? இல்லைதான். ஆனால் வீட்டில் அழுதுகொண்டு மட்டும் இருந்த தங்கச்சி அவள் இல்லை என்பது புரிகிறது. பிறகு தன்னந்தனியாகக் காட்டில் அலைந்து, அண்ணன்கள் விழுந்து கிடக்கும் படுகளத்தைக் கண்டுபிடிக்கிறாள். தெய்வத்தின் துணையோடு தண்ணீர் தெளித்து அவர்களை எழுப்புகிறாள். எழுந்தவர்கள் தங்கையோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, "எங்க காலம் முடிஞ்சுது" என்று மறுபடியும் போய்விடுகிறார்கள்.

திருவிழாவில் நடக்கும் படுகளமும் இதுதான். அருள் வந்து ஆட்கள் விழுவார்கள். பிறகு அவர்களை எழுப்புவார்கள். "விழறதைப் பார்க்க மட்டும் யாரும் போறதில்ல. எழறதைப் பார்க்கத்தான் விடிய விடிய உக்காந்திருப்போம்" என்றார் அம்மாயி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. 'தங்கத்தை ஹீரோ ஆக்குவேன்' என்று அந்தப் பெண் சொன்னாளே, உடுக்கையடிப் பாட்டு அதை எப்போதோ செய்துவிட்டது. பத்து நிமிடத்துக்குள் அடைக்கும் அவசரத்தில் நாம்தான் அவளை வெட்டிப் போட்டிருக்கிறோம். சண்டையோடு கதையை நிறுத்தினால் மிஞ்சுவது வாளும் மீசையும்தான். யார் ஜெயித்தார்கள் என்ற சண்டை அதற்குப் பிறகும் தொடரும். தங்கம் தண்ணீர் தெளிக்கும் இடம்வரை போனால் அது இழப்பின் கதை. அதைக் கேட்டு அழ எந்த வீட்டுப் பிள்ளைக்கும் உரிமை உண்டு.

ஊருக்குக் கிளம்பும் நாள், சித்தி மகள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். முதல் பக்கத்தில் 'தங்கம்' என்று தலைப்பு. கீழே நான்கே வரி. படுகளத்தில் ஆரம்பிக்கிறது கதை. கிளியைப் பற்றி இன்னும் எழுதவில்லையாம்.

"கிளி யாரோடதுன்னு இன்னும் முடிவு பண்ணலைக்கா. அம்மாயிகிட்ட கேட்டுத்தான் எழுதணும்" என்றாள்.

உங்கள் வீட்டிலும் ஒரு அம்மாயியோ அப்பாருவோ இருந்தால், இந்த வாரம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பாதியில் நிறுத்தாமல், முழுசாக!